மூன்றாம் எண்ணிக்கையில் இறங்கும் குதிகால்

1997 டிசம்பர் 12, வெள்ளிக்கிழமை, மைசூர். இன்று எனக்கு வயது எழுபத்திரண்டு ஆண்டு, மூன்று மாதம், ஒன்பது நாள்.

உயிரோடு இருந்தவரை ஒரு நாளும் பெயர் சொல்லி அழைக்காத என் பிரியமுள்ள சேஷாத்ரிக்கு,

இப்போது அழைக்கலாம். ஆட்சேபிக்க உங்கள் அம்மா இல்லை, ‘என்ன திடீர்னு?’ என்று திரும்பிப் பார்க்க நீங்களும் இல்லை. இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும் என்பதை நீங்கள் அறிவீர்கள். தபால்தலை மிச்சம் என்பதைத் தவிர அதில் வேறு பிரயோஜனம் இருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை. ஆனாலும் எழுதுகிறேன். பயமாக இருக்கிறது, அதைச் சொல்லத் தோதான ஆள் உயிரோடு இருப்பவர்களில் அகப்படவில்லை.

இதை ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். ஊரார் படிக்கட்டும், பாதகமில்லை. நம் மகள் வைதேகி மட்டும் படிக்க மாட்டாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அவளைக் கன்னடப் பள்ளியில் சேர்த்தே தீருவேன் என்று நின்றது நீங்கள். அந்தப் பிடிவாதத்தால் விளைந்த ஒரே நன்மையை இத்தனை வருடம் கழித்து நான் அனுபவிக்கிறேன்.

விஷயம் இதுதான். நாளை மாலை நம் கிளப்பின் மரத்தரையில் நான் வால்ட்ஸ் நடனம் ஆட வேண்டும். அதைப் பார்ப்பதற்காகவே வைதேகி பூனாவிலிருந்து ரயில் ஏறிவிட்டாள். நான் ஒழுங்காக ஆடினால் இந்த வீட்டில் இருப்பேன். ஆடாவிட்டால் அவளுடைய அடுக்குமாடி வீட்டில், மூன்றாவது மாடியில், பால்கனியில் துணி காய்வதைப் பார்த்துக்கொண்டு இருப்பேன்.

சிரிக்காதீர்கள். இது எப்படி வந்தது என்பதைச் சொல்கிறேன்.

குக்கருக்கு காஸ்கெட் வாங்க மண்டி மொஹல்லாவுக்குப் போயிருந்தேன். அந்தச் சந்துகளில் ஸ்கூட்டர்களுக்கு வழிவிட்டு, ஓரமாக ஒதுங்கி ஒதுங்கி நடந்து, கடைசியில் ஆட்டோ ஒன்றைப் பிடித்து உட்கார்ந்தேன். ஓட்டுநர் கொள்ளேகாலத்துக்காரர். கண்ணாடியில் என்னைப் பார்த்தார், பிறகு திரும்பியே பார்த்தார்.

“ஏனுங்கம்மா, இன்னொரு செருப்ப எங்க உட்டுட்டு வந்தீங்க?”

“கால்லதான் இருக்கு. நீ ஓட்டு.”

“குனிஞ்சு பாருங்கம்மா.”

பார்த்தேன். இடது கால் வெறுங்காலாக இருந்தது. பாதம் முழுக்கச் சேறு; விரலிடுக்கில் ஒரு வெற்றிலைக் காம்பு. எந்தச் சந்தில் கழன்றது, எவ்வளவு தூரம் அப்படி நடந்தேன், ஒன்றும் தெரியவில்லை. கல்லோ, ஈரமோ, குளிர்ச்சியோ எதுவும் என்னிடம் வந்து சேரவில்லை.

“திரும்பிப் போயித் தேடலாமுங்களா?”

“வேண்டாம். எடுத்தவன் ஒத்தைச் செருப்பை வெச்சுண்டு அவஸ்தைப்படட்டும்.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் ஆட்டோவிலிருந்து ஒற்றைச் செருப்போடு இறங்கியதை எதிர்வீட்டு சாவித்திரி பார்த்துவிட்டாள். உங்களுக்குத்தான் அவளைத் தெரியுமே. நம் வீட்டில் பால் பொங்கினால் அவள் வீட்டில் அடுப்பை அணைப்பவள். அன்று மாலையே பூனாவுக்கு எஸ்.டி.டி. பறந்தது. உடனே வைதேகி என்னை அழைத்தாள்.

“அம்மா, செருப்பு போட்டுண்டயா இல்லையான்னுகூட ஞாபகம் இல்லையா உனக்கு?”

“வாரு அறுந்துபோச்சு. தூக்கிப் போட்டேன்.”

“சும்னே சமாளிக்காதே. இன்னிக்குச் செருப்பை மறந்தே. நாளைக்கு கேஸை மூட மறப்பே. வீட்டைப் பூட்டிட்டு இங்க வந்துடு.”

கவனித்தீர்களா? என் புத்தி தளர்ந்துவிட்டது என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். முப்பது வருடம் பெண்களுக்கு இயற்பியல் போதித்த என் மூளை! தளர்ந்திருப்பது கால் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் மட்டும் என்ன? புத்தி என்றாலும் பூனா, கால் என்றாலும் பூனா. கோபத்தில் வாயிலிருந்து ஒன்று வந்துவிட்டது.

“மறதியா எனக்கா? அப்பாவோட ஆடின வால்ட்ஸ் ஒரு அடி விடாம ஞாபகம் இருக்கு. வேணும்னா வந்து பாரு.”

உங்கள் மகள், உங்களைப் போலவே, பேரம் பேசினாள். “சரி. கிளப்புல டிசம்பர் டான்ஸ் இருக்கோல்லியோ? ஆடிக் காட்டு. தடுமாறாம ஆடிட்டயானா நான் பூனான்னு வாயைத் திறக்க மாட்டேன்.”

மறுநாள் டாக்டரிடம் போனேன். இளவயதுக்காரர்; நாற்காலியை எனக்காகத் துடைத்துப் போட்டார். மேஜை இழுப்பறையிலிருந்து அவர் எடுத்தது என்ன தெரியுமா? இசைக்கவை. சோதனைச்சாலையில் நான் எத்தனை பெண்களின் கையில் கொடுத்திருக்கிறேன்! அதைத் தட்டி, அதன் காம்பை என் கால் கட்டைவிரல் மேல் வைத்தார்.

“என்ன தெரியுது மேடம்?”

“சத்தம் கேக்கறது.”

“சத்தம் வேண்டாம். அதிர்வு தெரியுதா?”

இல்லை. கணுக்காலில் வைத்தார், யாரோ அடுத்த அறையில் நடப்பது போல ஏதோ ஒன்று. முழங்காலில் வைத்தபோதுதான் நன்றாகத் தெரிந்தது. சர்க்கரை நரம்பைத் தின்றிருக்கிறதாம். போனது திரும்புவது சந்தேகம், இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். வெறுங்காலோடு நடக்கவே கூடாது. மெத்தென்ற ரப்பர் செருப்பு போட வேண்டும். ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து வைக்க வேண்டும்.

ஆடுகிறவள் செய்யக் கூடாதவை என்று ஒரு பட்டியல் கேட்டிருந்தால் அவர் இதைத்தான் தந்திருப்பார்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு வால்ட்ஸ் என்பது இரண்டு பேர் வழுக்கிக்கொண்டே சுற்றுவது. வழுக்குவது கால் அல்ல. முதலில் உடல் புறப்படுகிறது. கால் அதற்கு அடியில் போய் நின்று எடையை வாங்கிக்கொள்கிறது. முன்னால் வருகிற ஆணுக்குக் குதிகால் முதலில் படும். பின்னால் போகிற பெண்ணுக்கு விரல்கள் முதலில், பிறகு பாதத்தின் மேடு, கடைசியில் குதிகால். இரண்டாம் எண்ணிக்கையில் விரல்களின் மேல் உயர வேண்டும். மூன்றாம் எண்ணிக்கையில் பாதங்கள் இரண்டும் சேர்ந்ததும் குதிகால் இறங்க வேண்டும், தொப்பென்று அல்ல, நல்ல லிஃப்ட் கடைசி அங்குலத்தில் இறங்குவதைப் போல. குதிகால் தரையைத் தொட்டுவிட்டது என்ற செய்தி மேலே வந்து சேர்ந்த பிறகே அடுத்த அடிக்கு உடல் புறப்பட முடியும்.

எனக்கு அந்தச் செய்திதான் வருவதில்லை. இறங்கிவிட்டதா? இன்னும் அந்தரத்தில் நிற்கிறதா? இறங்காமலே எடையைக் கொடுத்துவிட்டால் எங்கே போய் விழுவேன்? மூன்று எண்ணுவதற்குள் இத்தனை கேள்விகள் ஓடுகிறவளின் அசைவில் மிதப்பு எங்கிருந்து வரும்?

நீங்கள் எனக்கு இதைக் கற்றுத்தந்த லட்சணம் நினைவிருக்கிறதா? டர்பைன் பயிற்சிக்கென்று இங்கிலாந்து போய், டர்பைனோடு வால்ட்ஸையும் கற்றுக்கொண்டு வந்தீர்கள். கூடத்துச் சிவப்புச் சிமெண்டுத் தரையில் கோலமாவால் என் காலடிகளை வரைந்தீர்கள். வரைந்ததைத் துடைக்காமல் தூங்கப் போனீர்கள். விடிந்ததும் குளித்துவிட்டு வந்த உங்கள் அம்மா கூடத்தில் அப்படியே நின்றுவிட்டார்.

“ஏண்டி ரங்கா, ஸ்ரீஜயந்திக்கு இன்னும் எத்தனையோ நாள் கிடக்கே. அதுக்குள்ள யாரு கிருஷ்ணன் கால் போட்டது?”

நீங்கள் செய்தித்தாளுக்குள் புகுந்துகொண்டீர்கள். நான்தான் வாயைத் திறக்க வேண்டியிருந்தது. “பழகிப் பாத்தேம்மா.”

“நன்னாருக்கு பழகின அழகு! விரலெல்லாம் வாசலைப் பாத்துண்டு இருக்கு. வர குழந்தையை வெளியில அனுப்பறயா? அதுவும் ரெண்டு காலும் சேந்து சேந்து நிக்கறது. நடக்கறானா, நொண்டியாடறானா?”

சொல்லிவிட்டு அவரே உட்கார்ந்து, எல்லாவற்றையும் அழித்து, விரல்கள் பூஜை அறையை, பெருமாள் உள்ளை, பார்க்கும்படி பாந்தமாகத் திருத்திப் போட்டார். அன்றிலிருந்து நானும் அந்தத் திசையிலேயே பழகினேன்: முகம் பெருமாளுக்கு, முதுகு தெருவுக்கு. கிருஷ்ணனின் பாதங்கள் உள்ளே வர, நான் அவற்றின் மேல் பின்னோக்கி வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். உங்கள் அம்மா கடைசிவரை அதைக் கண்டுபிடிக்கவில்லை, அல்லது கண்டும் சொல்லவில்லை.

சில நாள் கழித்து நீங்களே அந்த மாவை ஈரத்துணியால் துடைத்தீர்கள். “பாத்தது போறும். இனிமே தலை நிமிரட்டும், காலே பாத்துக்கும்” என்றீர்கள். கால் பார்த்துக்கொண்டது. இத்தனை காலம்.

இப்போது என் துணைக்கு வருவது அந்தோணி. மின்நிலையத்தில் உங்களுக்கு அடுத்த மேஜைக்காரர். டோனி என்று பெயர் வைத்தது நீங்கள்தான். மனைவி போன பிறகு நஞ்சன்கூட்டில் மகனோடு இருக்கிறார். காலை பஸ்ஸில் வந்து, கூடத்து நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளி, டேப் ரிக்கார்டரை ஓடவிட்டுப் பழகுவோம். என் கால் விஷயத்தை அவரிடமும் நான் சொல்லவில்லை.

முதல் தொல்லை செருப்பு. டாக்டர் கொடுத்த ரப்பர் தரையைக் கவ்வுகிறது. உடல் போன பிறகும் கால் அங்கேயே நிற்கிறது. உராய்வு விதியை நான் எவரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. செருப்பு தைப்பவரிடம் கொடுத்து அடியில் வழவழப்பான தோல் ஒட்டி வாங்கினேன். இப்போது உள்ளே டாக்டருக்குப் பிடித்த மெத்து, வெளியே எனக்கு வேண்டிய வழுக்கல். ஆனால் கிளப்பில் கேரம்போர்டுப் பவுடரைத் தரையில் தூவுவார்களே, அதில் இந்தத் தோல் என்ன செய்யும்? தூவுகிறவர் கை தாராளமானது என்று அந்தோணி வேறு சொல்லிவைத்திருக்கிறார்.

இரண்டாவது தொல்லை என் கண். கால் சொல்லாததைக் கண்ணால் தெரிந்துகொள்ளப் பார்த்தேன். தலை குனிந்தால் முதுகு வளைகிறது. முதுகு வளைந்தால் எடை முன்னால் சாய்ந்து அவர் மேல் விழுகிறது.

“கீழ என்ன மேடம் தேடுறீங்க? நான் மேல இருக்கேன்” என்றார் அந்தோணி.

“உங்க ஷூவுக்கு பாலிஷ் போடலை. அதைப் பாத்தேன்.”

“நாளைக்குப் போட்டுட்டு வரேன். நீங்க என் காதைப் பாத்து ஆடுங்க. அது எப்பவும் சுத்தமா இருக்கும்.”

புடவை நுனியை வழக்கத்தைவிட உயர்த்திச் செருகினேன். மெதுவான பாட்டாகப் பொறுக்கினேன். அது இன்னும் மோசம். மெதுவாக இறங்கும் குதிகாலுக்குத்தான் நம்பிக்கை அதிகம் வேண்டும். ஒரு நாள் மூன்றாம் எண்ணிக்கையில் இறங்கிவிட்டேன் என்று நினைத்து எடையைக் கொடுத்தேன், இறங்கியிருக்கவில்லை. அந்தோணியின் கை இல்லாவிட்டால் அலமாரிக் கண்ணாடியில் போய்ச் சேர்ந்திருப்பேன். இருவரும் ஒன்றும் நடக்காததுபோல மறுபடி தொடங்கினோம்.

அதற்குப் பிறகு நிலைமை சீராகத் தொடங்கியது. தலை நிமிர்ந்தது. குதிகால் சரியான நேரத்தில் இறங்கியது. காரணம் கேட்காமல் இரண்டு மூன்று நாள் சந்தோஷப்பட்டேன். இயற்பியல் படித்தவள் செய்கிற காரியமா இது? நேற்றுதான் பிடிபட்டது. என் முதுகில் இருக்கும் அந்தோணியின் வலது கை, ஒவ்வொரு மூன்றாம் எண்ணிக்கையிலும், நான் இறங்கி முடித்த கணத்தில், ஒரு விரலால் மிக லேசாக அழுத்துகிறது. என் பாதம் சொல்ல வேண்டியதை அந்த விரல் சொல்லிக்கொண்டிருந்தது.

எனக்கு வந்த கோபத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். டேப்பை நிறுத்தினேன்.

“யாரைக் கேட்டு என் முதுகுல தாளம் போடறேள்?”

அந்தோணி கைக்குட்டையை எடுத்து நிதானமாக நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “நீங்க யாரைக் கேட்டு சாரோட தோள்ல போட்டீங்க?”

டேப் ரிக்கார்டரின் மூடியைத் திறந்து மூடினேன்.

“நானும் அவரும் ஒரே டர்பைன் ஹால்ல இருந்தவங்க, மேடம். எனக்குத் தெரியாதா? கிளப்புல நீங்க ரெண்டு பேரும் ஆடறப்போ எல்லாரும் உங்க காலைப் பாப்பாங்க. நான் உங்க இடது கையைப் பாப்பேன்.”

அவரை உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தேன். வேறென்ன செய்வது? அவர் போன பிறகு வெகுநேரம் நாற்காலிகளைத் திரும்ப இழுத்துப் போடாமல் கூடத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

எனக்குப் பூனா பயம் இருக்கிறது. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நேற்றிலிருந்து வேறொரு பயம் அதைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது. நாளை நான் தடுமாறாமல் ஆடி, வைதேகியும் நம்பித் திரும்பிப் போய்விட்டால்? அப்புறம் ஒரு நாள், இங்கேயோ அங்கேயோ, அவளாகவே என் காலைக் கண்டுபிடிப்பாள். கண்டுபிடித்துவிட்டுக் கண்டுபிடிக்காதவள்போல என் பக்கத்தில் நடப்பாள். நான் படியில் இறங்கும்போது தற்செயல்போல முழங்கையைத் தொடுவாள். நானும் தற்செயல் என்றே எடுத்துக்கொள்வேன். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் வருடங்களைக் கழிப்போம். அது எவ்வளவு கனமான உத்தியோகம் என்பது எனக்குத் தெரியும். அவளுக்கு என் பொறுமை கிடையாது. அவள் உங்கள் மகள்.

ஆகவே உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். நாளை காலை அவள் ரயிலிலிருந்து இறங்கி வந்து, காபியைக் கையில் வாங்கியதும், ஆடுவதற்கு முன்பாகவே, இடது பாதத்தை ஸ்டூலின் மேல் வைத்துக் காட்டி, டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொல்லிவிடுவேன். மாலையில் அந்தோணியின் விரலோடு ஆடுவேன், மறைக்காமல். பார்த்துவிட்டு அவள் பூனா என்றால், வாதாடுவேன். தோற்றாலும் தோற்பேன். ஆனால் தெரிந்துகொண்டு தெரியாததுபோல இருக்கும் வேலையை அவளுக்கு வைக்க மாட்டேன்.

அந்த வேலையை எனக்கு வைத்தவர் நீங்கள். அந்தோணி வாயைத் திறந்துவிட்ட பிறகு நான் மட்டும் மூடிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை, கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்களுக்குக் காது போய்விட்டது எனக்குத் தெரியும். டர்பைன் இரைச்சல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டது. எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துச் சமாளித்தீர்கள். தொலைபேசி மணி அடித்தால் எதிரே இருப்பவர் எழுந்திருக்கிறாரா என்று பார்த்தீர்கள். ‘எல்லாரும் ஏன் இப்படி முணுமுணுக்கறா?’ என்று உலகத்தைக் கோபித்துக்கொண்டீர்கள். நீங்கள் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. கிளப்பில் வாத்தியம் தொடங்கியதும் உங்கள் தோளில் இருந்த என் இடது கையின் சுண்டுவிரலால் முதல் எண்ணிக்கையை ஒவ்வொரு முறையும் அழுத்தினேன். மைசூரில் சேஷாத்ரியைப் போலத் தாளம் பிசகாமல் ஆடுகிறவர் இல்லை என்று அத்தனை பேரும் சொன்னார்கள். நீங்கள் அதைத் தலையசைத்து ஏற்றுக்கொள்வீர்கள். நான் பக்கத்தில் நின்று எலுமிச்சை ஜூஸ் குடிப்பேன்.

நீங்கள் ஓய்வு பெற்ற பிறகு ஒரு பிற்பகல். கூடத்தில் ரிக்கார்டு சுழன்றுகொண்டிருந்தது. நாம் இருவர் மட்டும். பாதியில் மின்சாரம் நின்றது. பாட்டு இழுத்து, முனகி, அடங்கிப்போயிற்று. தலைக்கு மேல் மின்விசிறியும் நின்றது. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டிருந்தீர்கள். நீங்கள் நிற்கவில்லை. நிறுத்தலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். விரல் என்னைக் கேட்காமலே அடுத்த எண்ணிக்கையை அழுத்திவிட்டது. சாவித்திரி வீட்டில் துணி துவைக்கிற சத்தம் கேட்டது. தெருவில் யாரோ கீரை விற்றுக்கொண்டு போனார்கள். அந்தக் கூடத்தை நாம் ஒரு பாட்டும் இல்லாமல் சுற்றிச் சுற்றி வந்தோம். கடைசியில் நான் விரலை எங்கே நிறுத்தினேனோ அங்கே நீங்களும் பாதங்களைச் சேர்த்து நின்றீர்கள்.

கண்ணைத் திறந்து, “நன்னா வாசிச்சான், இல்ல?” என்றீர்கள்.

“ரொம்ப நன்னா வாசிச்சான்” என்றேன்.

உங்கள் ஆம்படையாள்,
ரங்கநாயகி